கழுத்தில் கறுக்கும் வெள்ளி

தொமித்திலாவுக்கு யாரையும் பிடிக்காது. மெக்சிகோவின் வெள்ளி ஊரான தாஸ்கோவின் மேட்டுத் தெருக்காரர்கள், சுற்றுலா வருகிறவர்களிடம் பல்லைக் காட்டியே பிழைக்கிறவர்கள். பள்ளத் தெருக்காரர்கள் வெள்ளியில் செம்பைக் கூடுதலாகக் கலக்கிறவர்கள். பாதிரியார் பூசையை அவசரமாக முடிக்கிறவர். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுகிற விதமே சரியில்லை. இவர்கள் எல்லோருக்கும் கீழே, மலையடிவாரத்து வெக்கையில், இகுவாலாக்காரர்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் மூக்கைச் சுளிக்கிற சுளிப்பில் மூக்கே காணாமல் போய்விடும்.

அப்படிப்பட்டவளின் ஒரே பிள்ளை எலோய், இகுவாலாவில் பிறந்து தாஸ்கோ சந்தைத் தெருவில் பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடை வைத்திருக்கிற ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

"அம்மா, இவதான் அசுசேனா."

"தெரியுது. எந்த ஊரும்மா உனக்கு?"

"இகுவாலாங்க அத்தை."

"அதான் பார்த்தேன். மலை ஏறினதுக்கே இப்படி வேர்க்குதே உனக்கு."

"நான் டாக்சியிலதான் வந்தேன். உங்க வீட்டு அடுப்படிதான் சூடா இருக்கு."

எலோய் இருமினான். அவனுக்கு வாய் திறக்க வராது. வீட்டு வெள்ளிப் பட்டறையில் மெல்லிய கம்பியை இழுத்து இழுத்து அவனும் அந்தக் கம்பி மாதிரியே ஆகிவிட்டான். எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைவான். பெற்றவளுக்கே அவன்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் தன் கம்பியை வளைக்கும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்தாள்.

மாட்டேன் என்று நேராகச் சொல்ல அவளால் முடியாது. அவள் கணவர் கிரிஸ்பின் அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே, "வா தாயி, உட்காரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். ஆகவே தொமித்திலா பெட்டியைத் திறந்து புறாச் சங்கிலியை எடுத்தாள்.

அது கிரிஸ்பினின் அம்மா காலத்துச் சங்கிலி. தொங்கலில் இரண்டு புறாக்கள் அலகோடு அலகு வைத்திருக்கும். இறகுக்கு இறகு கோடு கீறி, கோட்டுக்குள் மட்டும் கறுப்பு ஏற்றியிருப்பார்கள். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் அவை புறா. கறுப்பு போய்விட்டால் பிசைந்து வைத்த இரண்டு மாவு உருண்டை. அந்த வீட்டுக்கு வரப்போகிற பெண் ஒரு வியாழன் பொசோலே என்கிற சோளக்கறிக் குழம்பு விருந்தில் இந்தச் சங்கிலியை வாங்கிக் கழுத்தில் போட்டு, அடுத்த வியாழன் விருந்தில் கழற்றிக் காட்ட வேண்டும். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. வெளுப்பாக இருந்தால் மருமகள். கறுத்திருந்தால் வாசல் அந்தப் பக்கம்.

வெள்ளி கழுத்தில் பொய் சொல்லாது என்பது அந்த ஊர்ப் பேச்சு. பொறாமை, வஞ்சம், கெட்ட ரத்தம் எல்லாம் வேர்வையில் கசிந்து வெள்ளியைக் கறுக்கவைத்துவிடுமாம். இதைச் சொல்கிறவர்கள் யார்? வெள்ளியைக் கறுக்கவைத்தே சோறு தின்கிறவர்கள்! பட்டறைக்குப் பட்டறை கந்தகக் கலவைச் சட்டி ஒன்று அடுப்போரம் கூழ்முட்டை நாற்றத்தோடு நிற்கும். புது நகையை அதில் முக்கி எடுத்தால் நூறு வருடத்து நகை மாதிரி கறுக்கும். மேட்டைத் தேய்த்து வெளுப்பாக்கிப் பள்ளத்தில் கறுப்பை விட்டால் வேலைப்பாடு. அதற்குக் கூலி தனி. பட்டறைக்குள் கறுத்தால் கந்தகம் என்று சொல்வார்கள். நாலு அடி தள்ளி அடுப்படியில் ஒருத்தி கழுத்தில் கறுத்தால் மட்டும் ரத்தம் என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். வெள்ளியோடு பிறந்து வெள்ளியோடு சாகிற ஊருக்கு வெள்ளியைப் பற்றி இருந்த ஞானம் இவ்வளவுதான்.

தொமித்திலா ஒரு கணக்குப் போட்டிருந்தாள். முடி சுருட்டும் மருந்து கையில் பட்டுத் தன் மோதிரம் கறுத்துப்போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை புலம்பியிருந்தாள். இந்தப் பெண் நாள் முழுக்க அந்த மருந்தில் கைவிடுகிறவள். வியாழன் வருவதற்குள் புறா காக்கையாகிவிடும். மருந்தில் கறுத்தாலும் கறுப்பு கறுப்புதானே? ரத்தம் என்று சொல்லிவிட்டால் போகிறது.

அடுத்தவள் கழுத்தில் இவ்வளவு அழகாகக் காரணம் தேடத் தெரிந்தவள் தன் கழுத்தில் ஒருநாளும் தேடவில்லை. தொமித்திலா உடம்பில் வெள்ளி கறுக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காலையில் போட்ட சங்கிலி மறுநாள் மங்கும், அதற்கு மறுநாள் அடுப்புக்கரி. ஊரே பேசுகிற கெட்ட ரத்தம் தனக்குள் ஓடுகிறது என்று அவள் உள்ளூர நம்பினாள். அது வெளியே தெரிந்தால் தான் மூக்கைச் சுளித்த அத்தனை பேரும் திருப்பிச் சுளிப்பார்கள் என்று பயந்தாள். அதனால் கல்யாணம் ஆன நாள் முதல் அவள் போடுவது தங்கம் மட்டும். அதுவும் அந்தக் கேவலமான இகுவாலா சந்தையில் வாங்கிய தங்கம். யாராவது கேட்டால், "ரொட்டி சுடுறவன் ரொட்டியா திம்பான்?" என்பாள். ஊரும் அதைத் திமிர் என்று நினைத்து மரியாதை கொடுத்துவந்தது.

"போட்டுக்கோ. குளிக்கும்போதுகூடக் கழட்டாதே" என்று சொல்லிச் சங்கிலியை அசுசேனாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அசுசேனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல வேலைப்பாடு" என்றாள். "எதுக்கு அத்தை இது?"

"உன் ரத்தம் எப்படின்னு பார்க்க."

"ஓ" என்றாள் அவள். அந்த ஓவில் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

எலோயைத் தனியாகக் கூப்பிட்டுத் தொமித்திலா வாக்கு வாங்கிக்கொண்டாள். கறுத்திருந்தால் அவளை விட்டுவிட வேண்டும். அவனும் தலையாட்டினான். காதலுக்காக ஒரு தடவை அம்மாவை எதிர்த்து நில்லேன் என்றால் நிற்க மாட்டான். ஒரு துண்டு வெள்ளி தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டான்.

அடுத்த வியாழன் வந்தது. பெரிய பானையில் உரித்த சோளமும் பன்றிக்கறியும் பச்சைக் குழம்பில் கொதித்தன. பொரித்த பன்றித்தோல், வெண்ணெய்ப்பழம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் மேசையில் பரப்பியிருந்தது. கிரிஸ்பின் மெஸ்கால் சாராயத்தைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா லிப்ராதா, குண்டு உடம்போடு இரண்டு ஆள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தொமித்திலா அஞ்சுகிற ஒரே பிறவி அவள்தான். ஏனென்றால் லிப்ராதாவுக்கு மறதி கிடையாது.

அசுசேனா வந்து கைப்பையைத் திறந்து சங்கிலியை மேசைமேல் வைத்தாள். எல்லோர் கண்ணும் புறாக்கள்மேல் இருந்ததால், அது கழுத்திலிருந்து வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. புறாக்கள் பளபளவென்று வெளுத்திருந்தன. இறகுக் கோடுகளில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது.

"அடேயப்பா! தண்ணி மாதிரி ரத்தம்" என்றாள் லிப்ராதா. "எலோய், தப்பிச்சேடா நீ."

எலோய் சிரித்தான். தொமித்திலா சங்கிலியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"இது பித்தலாட்டம்" என்றாள்.

"எது?" என்றார் கிரிஸ்பின்.

"இவ இதைச் சுத்தம் பண்ணியிருக்கா. ஒரு வாரம் வேர்வை பட்ட வெள்ளி இப்படியா இருக்கும்?"

"சுத்தம் பண்ணா கோட்டுல இருக்குற கறுப்பும் போயிருக்குமேடி" என்றாள் லிப்ராதா. "அது அப்படியே இருக்கே!"

அங்கேதான் தொமித்திலா வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்தால் அவளுக்கு நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

"போகும். போனா திரும்ப வரவைக்கலாம்! அலுமினியச் சட்டியில சுடுதண்ணி ஊத்தி ஆப்ப சோடாவும் உப்பும் போட்டு முக்குனா மொத்தக் கறுப்பும் போயிடும். அப்புறம் முட்டையை வேகவெச்சு, சூட்டோட மஞ்சக்கருவை நசுக்கி, ஒரு மூடி போட்ட டப்பாவுல சங்கிலியோட வெக்கணும். முட்டை சங்கிலில படக்கூடாது, ஆவி மட்டும் படணும். பட்டா திட்டுத்திட்டா வரும். ராத்திரி பூரா வெச்சா கறுத்துடும். காலையில பல்பொடியை விரல்ல தொட்டு மேலாக்கத் தேய்ச்சா, கோட்டுல மட்டும் கறுப்பு நிக்கும். மோந்து பாருங்க, முட்டை நாத்தம் இருக்கும்! ரெண்டு தடவை சோப்புத் தண்ணில அலசினாத்தான் அது போகும். அதுவும் சுலபமாப் போகாது..."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் கதை மெக்சிகோவில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

"நான் அதைப் போடவே இல்லையே அத்தை" என்றாள் அசுசேனா.

"என்னது?"

"போடல. என் கை பூரா மருந்து. உங்க புறாவைக் கெடுப்பானேன்னு பையில போட்டு, கூட ரெண்டு சாக்பீஸ் வெச்சு, அலமாரியில வெச்சுட்டேன். சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கும், வெள்ளி கறுக்காது. என் கம்மலெல்லாம் அப்படித்தான் வெப்பேன். இந்த ரத்தம், சோதனை இதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல. புதன்கிழமை ஒரே நாள்ல எட்டுத் தலை."

கிரிஸ்பின் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். லிப்ராதா பொசோலே கிண்ணத்தை மெதுவாகத் தள்ளிவைத்தாள். அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்ததை அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"ஏண்டி தொமித்திலா, உனக்கு இந்தச் சங்கிலியைக் கொடுத்த வாரம் நான் உங்கம்மா வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? வீடு பூரா முட்டை நாத்தம். கேட்டதுக்கு உங்கம்மா கேக் சுடுறேன்னா. ஆனா ஒரு துண்டு கேக்கை எங்க யாரு கண்ணுலயும் காட்டல. இத்தனை வருசமா நான் அதை உங்கம்மாவோட கஞ்சத்தனம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"அண்ணி, சும்மா பழைய கதையை..."

"அது சரி. இப்ப என்ன? இவ போடல, சோதனையே நடக்கல. நீ போட்டுக் காட்டேன். வீட்டுக்கு மூத்தவ. எப்படிப் போடணும்னு புள்ளைக்குத் தெரியட்டும். அடுத்த வியாழன் கழட்டு, எல்லாரும் பார்ப்போம்." லிப்ராதா சங்கிலியை எடுத்து நீட்டினாள். "ஏன்? உனக்குத்தான் ரொட்டி பிடிக்காதோ?"

தொமித்திலா சங்கிலியை வாங்கினாள். புறாக்கள் அவள் விரலில் ஆடின. எல்லோரும் அவள் கழுத்தையே பார்த்தார்கள். பெற்ற பிள்ளையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் இது கழுத்தில் கிடந்தால் போதும், ஊரில் மிச்சமிருக்கிற மரியாதை கரியாகிவிடும். இந்தத் தடவை முட்டையும் உதவாது. முட்டைக் கதையைத்தான் அவளே ஊருக்குப் பாடம் நடத்திவிட்டாளே!

அவள் விறுவிறுவென்று மேசையைச் சுற்றிப் போய் அசுசேனாவின் பின்னால் நின்று, சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

"எனக்கு எதுக்கு? இது இவளுக்கு. குடும்பச் சொத்தை இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாளே, அதைத்தான் நான் பார்த்தேன். அதுதான் சோதனை!"

"பாருங்க எங்கம்மாவை!" என்று எலோய் கண் கலங்கினான். அம்மாவின் பெரிய மனசை நினைத்து நெஞ்சு விம்மிற்றாம். கிரிஸ்பின் கோப்பையைத் தூக்கினார். லிப்ராதா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கிண்ணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது அடுப்படியில் இருவர் மட்டும். தொமித்திலா தேய்த்துக் கொடுக்க அசுசேனா துடைத்துவைத்தாள். கழுத்துச் சங்கிலியை அவள் ஏற்கெனவே கழற்றிப் பையில் போட்டிருந்தாள்.

"அத்தை, நீங்க கந்தகச் சோப்பு போடுறீங்கல்ல?"

தொமித்திலாவின் கையில் தட்டு நின்றது. அந்த மஞ்சள் சோப்பை அவள் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள். கழுத்திலும் மார்பிலும் சிறுவயதிலிருந்தே ஒரு தடிப்பு, அரிப்பு. மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. தோல் வியாதிக்காரி என்று யாராவது சொல்லிவிடக் கூடாதே என்று புருஷனுக்குக்கூடக் காட்டியதில்லை.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. முதல் நாளே வாசனை வந்துச்சு. எங்க கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு அதைத்தான் போடுறாங்க. வெள்ளி கறுக்குதுன்னு அவங்களே நகையைக் கழட்டி வெச்சுட்டுத்தான் குளிப்பாங்க. உங்களுக்கும் அதேதான். ரத்தமும் இல்ல, கித்தமும் இல்ல. பட்டறைல அந்தச் சட்டியில தினம் அதைத்தானே காய்ச்சுறீங்க, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் தொமித்திலா. "தெரியாம என்ன?"

தெரியாது. சோப்பு உறையில் கந்தகம் என்று எழுதியிருந்ததை அவள் ஆயிரம் தடவை படித்திருக்கிறாள். சட்டியில் இருப்பது கந்தகம் என்று ஊருக்கே தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று முதல் அவள் துணி துவைக்கும் சோப்பில் குளித்தாள். கழுத்து நமநமவென்று அரித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். பட்டறையிலிருந்து ஒரு சாதாரணச் சங்கிலியை எடுத்து ரவிக்கைக்குள் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கதவைத் தாழிட்டு, சங்கிலியை வெளியே இழுத்துப் பார்த்தாள்.

வெளுப்பு. யார் கழுத்திலும் இருக்கிற மாதிரி வெறும் வெளுப்பு.

அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சந்தோஷம் வருகிறதா என்று காத்துக்கூடப் பார்த்தாள். வந்தது ஆத்திரம்தான். எத்தனை வருடம்! எத்தனை பேரை அவள் இளக்காரமாகப் பார்த்தாள்! தனக்குள் கறுப்பு இருக்கிறது, இவர்களுக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று ஒவ்வொரு முகத்திலும் தேடித் தேடிக் கசந்துபோனாள். அத்தனையும் ஒரு கட்டிச் சோப்புக்காகவா? கெட்டவள் என்று பெயர் எடுத்தால் ஊர் பயப்படும். மக்கு என்று பெயர் எடுத்தால் சிரிக்கும். அதுவும் வெள்ளிக்காரன் பெண்டாட்டி வெள்ளியில் மக்கு! அந்த இகுவாலாக்காரி இதை யாரிடம் சொல்லுவாள்? லிப்ராதாவிடம் சொன்னால் செத்தாலும் அவள் மறக்க மாட்டாளே!

பட்டறையில் ஞாயிறன்று யாரும் இல்லை. தொமித்திலா சட்டியை அடுப்பில் ஏற்றினாள். சூடானதும் சங்கிலியைக் கம்பிக் கொக்கியில் மாட்டி முக்கினாள். பழுப்பு வந்தது, நீலம் வந்தது, பிறகு கன்னங்கரேலென்று கறுத்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டாள். எடுத்துக் கழுவித் துடைத்து, தங்கத்தைக் கழற்றிவிட்டு, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க ரவிக்கைக்கு வெளியே போட்டுக்கொண்டு சந்தைத் தெருவுக்கு இறங்கினாள்.

கடையில் ஒருத்தி மட்டும் முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அசுசேனா சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அத்தை."

"நீ சொன்னேன்னு சோப்பை விட்டுட்டேன். வியாழக்கிழமையிலேர்ந்து தொடல" என்றாள் தொமித்திலா. சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். "பாரு. சோப்பாம் சோப்பு! எங்க வீட்டு வெள்ளியைப் பத்தி இகுவாலாலேர்ந்து வந்து எனக்குப் பாடம் சொல்றா. இது ரத்தம்டி. என் ரத்தம் கறுப்பு. என்னன்னு நினைச்சே என்னை?"

அசுசேனா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். சங்கிலியை இரண்டு விரலால் தூக்கினாள். பின்கழுத்துக்குப் போய்க் கொக்கியைத் திறந்து உட்பக்கத்தைப் பார்த்தாள். வேர்வையோ தோலோ எட்டாத இடம். அங்கேயும் அதே கறுப்பு, சீராக, பட்டறைக் கறுப்பு. தொமித்திலாவின் ரவிக்கையிலிருந்து கூழ்முட்டை வாசனை இன்னும் போகவில்லை.

அசுசேனா சிரிக்கவில்லை. அது தொமித்திலாவுக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. அசுசேனா சங்கிலியைக் கழற்றி, கண்ணாடி ஓரம் இருந்த சாக்பீஸ் டப்பாவைத் திறந்து உள்ளே போட்டாள்.

"அதை ஏன் எடுக்குறே?"

"உட்காருங்க. முடி ரொம்பக் கலைஞ்சு கிடக்கு, சுருட்டிவிடுறேன். மருந்து பட்டா வெள்ளி கறுத்துடும்னு எடுத்து வெச்சேன்" என்ற அசுசேனா, டப்பாவுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள். "இதுக்கு மேல கறுக்க அதுல இடம் இல்லதான். இருந்தாலும் பழக்கம்."

கூண்டுக்குள் இருந்தவள் குறட்டை விட்டாள். தொமித்திலா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தங்கமும் இல்லாத, வெள்ளியும் இல்லாத ஒரு கழுத்து தெரிந்தது. தடித்துச் சிவந்து, அரிப்பில் கீறிக்கொண்ட கழுத்து. அசுசேனா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.